படம் இல்லாத ஆனை

ஒரு சனிக்கிழமை காலையில், பத்தே முக்காலுக்கும் பதினொன்றுக்கும் நடுவில், நாற்பத்து மூன்று பேரை மலையேறி ஓட வைத்தவள் நான். அந்த நாற்பத்து மூன்றில் ஒருத்தி என்னைப் பெற்ற தாய். ஓட வைத்ததற்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. சிலரிடம் இரண்டு தடவை. ஆனால் எதை வைத்து ஓட வைத்தேனோ, அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பொண்ணு கடைசியில திருந்திடும்" என்று நம்பிப் படிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

நான் விடியோ கேம் செய்கிறவள். இதைச் சொன்னதும் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கிராஃபிக்ஸ் நெசமாட்டம் இருக்குமா?" என்பதுதான். கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போது பல் டாக்டர் கேட்டிருக்கிறார். நிஜம் மாதிரியே வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டியதுதானே? லேப்டாப்பும் சூடாகாது. (இந்த வசனத்தைப் பேசியே இரண்டு இன்டர்வியூவில் தோற்றேன். வசனத்தில் தப்பில்லை, கேட்டவர்கள் சரியில்லை.)

என் ஊர் சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அம்மா ராசாத்தி இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவள். அப்பா நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டார். (ஆனை இல்லை, மஞ்சள்காமாலை. எங்கள் ஊர் என்றதும் எல்லாரும் ஆனையைத்தான் நினைக்கிறார்கள்.) நானும் அம்மாவும் லயத்தில் ஒரு வீட்டில் இருந்தோம். லயம் என்றால் எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீடு. வேலையில் இருக்கும்வரைதான் வீடு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தில் வேறு யாராவது எஸ்டேட்டில் பேர் பதிய வேண்டும்.

அம்மாவுக்கு அந்த வருஷம் மார்ச்சில் ஓய்வு. குடும்பத்தில் வேறு யாராவது என்றால் நான்தான். வேறு யாரும் கிடையாது. ஆபீஸில் கேட்டுவிட்டார்கள்: "திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். உன் மக கூடை எடுக்கிறாளா, வீட்டை விடுறியா?" அம்மா என்னிடம், "அந்தக் கேம் கம்பெனிக்காரன் சனிக்கிழம ஒன் கேமப் பாக்க வாரான்ல, அவன் ஒனக்கு வேல தந்தான்னா வெளிய வாடகைக்குப் போயிரலாம். இல்லேன்னா திங்கக்கிழம எங்கூட ஆபீஸ் வந்து பேரக் குடுத்துரு" என்றாள். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இப்போது கேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கவிதாவைப் பற்றி.

நான் காலேஜ் படித்தது கோயமுத்தூருக்கு அடுத்துள்ள சித்தூரில். மலையில் ஸ்வெட்டரோடு வளர்ந்தவளை அந்த வெயிலில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? மூன்று வருஷமும் ஹாஸ்டலில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கிடந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் கவிதா. அவள் வீட்டில் நெல்லும் தென்னையும் உண்டு. பேச்சு அச்சு அசல் கோயமுத்தூர். கிராஃபிக்ஸில் அவளை அடிக்க எங்கள் செட்டில் ஆள் கிடையாது. கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு தென்னந்தோப்பு செய்தாள். அவள் லேப்டாப் அடித்த சூட்டில் ஹாஸ்டல் முழுக்கக் கைக்குட்டை காய வைத்தது.

"எப்படி இருக்குது புள்ள?" என்று திரையைக் காட்டினாள்.

"அய்யோ, அப்படியே இருக்குடி. சரி, இதுல என்ன செய்யணும்?"

"என்ன செய்யோணும்? பாரு."

"பார்த்துட்டேன்."

"இன்னொருக்காப் பாரு. ஓலை ஆடுது பாரு, ஒவ்வொரு கீத்தும் தனித்தனியா."

நான் மரத்தில் ஏறப் பார்த்தேன், முடியவில்லை. கள்ளுப் பானையைத் தொடப் பார்த்தேன், கை ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது.

"அதெல்லாம் வெக்கல புள்ள. கள்ளுல நொரை மட்டும் பத்து நாள் செஞ்சேன்" என்றாள், கோபத்தோடு.

அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ கிளம்பியது. நான் செய்யப்போகும் கேமில் படமே இருக்காது என்று அறிவித்தேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சார் ஒருத்தர், "உனக்குப் படம் வரையத் தெரியாதுன்னு நேரடியாச் சொல்லேம்மா" என்றார். (அதுவும் உண்மைதான். நான் வரைந்த ஆனையைப் பார்த்து அம்மாவே "இது என்னட்டி, அம்மிக்கல்லா?" என்று கேட்டிருக்கிறாள்.)

கேம் இதுதான். நீங்கள் கொழுந்து எடுக்கிற ஒரு பெண். மஞ்சு இறங்கிவிட்டது. மஞ்சு என்றால் எங்கள் பக்கத்து மூடுபனி. நீட்டின கை தெரியாது. திரை முதலிலிருந்து கடைசிவரை கறுப்பு. காதை மட்டும் வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். இடது பக்கம் ஓடைச் சத்தம் கேட்டால் நீங்கள் இறங்குகிறீர்கள். டீக்கடைப் பாட்டுச் சத்தம் நெருங்கினால் ரோடு வந்துவிட்டது. இடுப்பில் கட்டின பிளாஸ்டிக் தாள் செடியில் உரசுகிற சத்தம் நின்றால் நீங்கள் பாதையை விட்டுவிட்டீர்கள். குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று நிறுத்தினால், அப்புறம் ஒரு கிளை முறிந்தால், நீங்கள் அசையாமல் நிற்க வேண்டும். ஏனென்றால் பக்கத்தில் ஆனை நிற்கிறது. அதன் வயிறு உறுமுவது உங்களுக்குக் கேட்கும்.

மஞ்சுக்குள் ஆனையை முதலில் பார்த்தவர்கள் யாரும் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதில்லை. முதலில் கேட்டவர்கள்தான் வந்து சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயம்தான் என் கேம் முழுக்க. இதை வரைந்து காட்டு என்றால் எப்படி?

எங்கள் டிவிஷனில், அதாவது எஸ்டேட்டில் எங்கள் பகுதியில், ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்யும்போது வரிசையின் ஓரத்தில் இருப்பவள் ஆனையைத் தெரிந்துகொண்டால் கூப்பாடு போடுவாள். "ஓ...வ்! ஓ...வ்!" என்று இரண்டு நீட்டு, அப்புறம் ஆனை நிற்கிற இடத்தின் பேர். கேட்டவர்கள் அதையே ஒருதடவை திருப்பிக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். அடுத்த மலையில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டுமே. திருப்பிக் கூப்பிடாமல் ஓடினவளோடு லயத்தில் ஒரு மாதம் யாரும் பேச மாட்டார்கள். ஆனை இல்லாமல் கூப்பாடு போட்டால் அதைவிட மோசம். விளையாட்டுக்குக்கூட வாயில் வரக்கூடாது.

அந்தக் கூப்பாட்டுக்கு எங்கள் டிவிஷனில் பேர்போன குரல் என் அம்மாவுடையது. அது இல்லாமல் என் கேம் முழுமையாகாது. பத்து நாள் கெஞ்சினேன்.

"சவமே, பொய்க்குக் கூப்பிடச் சொல்லுதியா? வாய் அழுகிப் போகும்ட்டி!"

"கம்பளிய மூடிக்கிட்டு கூப்பிடும்மா. வெளிய கேக்காது. விளையாடுறவங்களும் ஹெட்போன்லதான் கேப்பாங்க. வேற யாருக்கும் கேக்காது. சத்தியம்."

"எம்மேல சத்தியமா?"

"ஒம்மேல சத்தியமா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பங்கரையில் அம்மா தலையோடு மூன்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே நான் போனைப் பிடித்துக்கொண்டு. "ஓ...வ்! ஓ...வ்! ஓடை...ஏய்!" என் காதில் அரைமணி நேரம் வண்டு கத்தியது. ஒரே தடவைதான் கூப்பிட்டாள். இரண்டாவது தடவை கேட்டதற்குக் கரண்டியைத் தூக்கினாள்.

சனிக்கிழமை வந்தது.

வினோத் சார் கொச்சியில் ஒரு கேம் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி ஆட்கள் மூன்று பேரோடு சுற்றிப்பார்க்க எங்கள் பக்கம் வருவதாகவும், தங்குகிற ரிசார்ட்டிலேயே என் கேமைப் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். ரிசார்ட் மலை உச்சியில். அதன் புல்தரைக்குக் கீழே எஸ்டேட் ஆரம்பிக்கும். ஏழாம் நம்பர் காடு. (தேயிலைத் தோட்டத்தைத்தான் நாங்கள் காடு என்போம்.) அதற்கும் கீழே ஓடை. அன்றைக்கு ஏழாம் நம்பரில்தான் வேலை. அம்மா காலையில் கூடையோடு கிளம்பும்போது, "நான் கீழதான் நிப்பேன், பயப்படாத" என்றாள். நானா பயப்படுவேன்? நான் இருபத்துமூன்று வயதில் உலகத்துக் கேம் எல்லாவற்றையும் திருத்தப் போகிறவள். கம்பெனிக்காரன்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மலை ஏறினேன்.

கவிதா முந்தின நாளே வந்திருந்தாள். அவளும் என் கேமுக்காக நாலு மாதமாக ஒரு ஆனை செய்துகொண்டிருந்தாள். படம் வேண்டவே வேண்டாம் என்று நான் கத்தினாலும், "ஒரு வேளை கேட்டா என்ன பண்ணுவ? இருக்கட்டும் புள்ள" என்று கேட்காமல் செய்தாள். ஆனையின் தோல் சுருக்கம், காதோர மயிர், தந்தத்தில் மண் எல்லாம் வந்துவிட்டது. வால் மட்டும் வரவில்லை. பின்பக்கம் திருப்பாமல் காட்டினால் போதும்.

எங்களிடம் ஹெட்போன் ஒன்றே ஒன்று இருந்தது. அதிலும் ஒரு பக்கப் பஞ்சை எலி கடித்திருந்தது. வந்தவர்கள் நாலு பேர். எலி கடித்த ஹெட்போனைக் கொச்சிக்காரர் காதில் மாட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. ரிசார்ட் ஹாலில் பெரிய சவுண்டு சிஸ்டம் இருந்தது. (அம்மாவுக்குச் செய்த சத்தியம் அந்த நேரத்தில் எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.) ரிசார்ட்காரர்கள் "நீங்களே போட்டுக்குங்க" என்றுவிட்டார்கள். நானே வயரைச் சொருகினேன். பெட்டியில் ஆறு குமிழ் வரிசையாக இருந்தது. ஆறையும் மேலே தள்ளினேன்.

"ஏனு புள்ள, இந்த ரெண்டு எதுக்குன்னு தெரியாம தள்ளறயே?" என்றாள் கவிதா.

"சவுண்டு கேமுக்கு யாராவது சவுண்டக் குறைச்சு வைப்பாங்களா? நீ போய் விடியோ எடு."

அந்த இரண்டு குமிழும் வெளியே புல்தரையில், பள்ளத்தாக்கைப் பார்த்து வைத்திருந்த இரண்டு பெரிய பெட்டி ஸ்பீக்கருக்கானவை. சாயங்காலம் விருந்தாளிகள் நெருப்பு மூட்டி ஆடுவார்களே, அதற்கு.

வினோத் சார் வந்தார். நல்ல மனுஷன். முதலில் தன் கம்பெனி கேமைப் போனில் காட்டினார். ஒரு பட்டாளத்துக்காரன் முகம், கிட்டத்தில். "கண்டோ? மூக்கில வியர்ப்பு கண்டோ?" என்றார். கண்டேன். மூக்கில் இருந்த ஓட்டைகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது. அந்த மூக்கை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். "சுடும்" என்றார். யாரை என்று கேட்டதற்கு, "எல்லாரையும்" என்றார்.

திரைச்சீலையை இழுத்து மூடினேன். விளக்கை அணைத்தேன். கண்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னேன்.

"கண்ணு அடச்சிட்டு கேம் களிக்கணுமா?"

"ஆமா சார். தொறந்தாலும் ஒண்ணும் தெரியாது."

ஆரம்பித்தார். இரண்டு தடவை ஓடையில் விழுந்தார். மூன்றாவது தடவை பிடி கிடைத்துவிட்டது. தாள் சரசரப்பைக் கேட்டு நடந்தார், நாய்க்குரலைக் கேட்டு நின்றார். முன்னால் குனிந்தார். அவருடைய மூக்கிலேயே வியர்ப்பு கண்டது. நான் இருட்டில் நின்று மனசுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன். நாய் நின்றது. கிளை முறிந்தது. ஹால் அதிர அம்மாவின் குரல் வந்தது.

"ஓ...வ்! ஓ...வ்! ஓடை...ஏய்!"

இந்த இடத்தில் கேமில் இருபது விநாடி மௌனம் வைத்திருந்தேன். விளையாடுகிறவர் அசையாமல் நிற்க வேண்டும். வினோத் சார் கண்ட்ரோலரை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த மௌனத்தில், தூரத்தில், கீழேயிருந்து ஒரு குரல் திருப்பிக் கூப்பிட்டது. "ஓ...வ்! ஓ...வ்! ஓடை...ஏய்!" அப்புறம் வலது பக்கம் இன்னொன்று. அப்புறம் எதிர் மலையிலிருந்து ஒரு கூட்டமே.

"எண்டம்மோ!" என்றார் வினோத் சார், கண்ணைத் திறக்காமல். "அடிபொளி! நாலு பக்கமும் கேக்குது. தூரம்கூட தெரியுது. இது எப்படிச் செய்து?"

நான் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தேன். ஏனென்றால் அந்தப் பதில் குரல்களை நான் செய்யவே இல்லை. கேமில் அப்படி ஒன்று கிடையாது.

இப்போது நடந்ததைக் கூச்சத்தோடு சொல்கிறேன். கொஞ்சம் மூளை இருக்கிற யாருக்கும் அந்த நேரத்தில், "அடடா, நம்ம ஸ்பீக்கர் வெளியே கேட்டுவிட்டது" என்று தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ஓடையில் நிஜமாகவே ஆனை வந்துவிட்டது என்று. நானே பதிவு செய்த குரல், நானே சொருகின வயர், நானே தள்ளின குமிழ். அத்தனையும் மறந்து, "சார், ஆனை சார்! நெசமாவே ஆனை!" என்று அலறி மேசைமேல் ஏறி நின்றேன்.

"அறியும், அறியும். எனிக்கு ஃபீல் ஆகுது" என்றார் அவர், தலையை ஆட்டிக்கொண்டு.

கதவு திறந்தது. முதலில் உள்ளே பாய்ந்தவர் எங்கள் கங்காணி பால்பாண்டி அண்ணன். வேலைக்கு மேஸ்திரி, பெண்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர். அவருக்கும் அடுத்து வந்தவளுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. அப்புறம் கூடையும் தாளுமாகப் பெண்கள், மூச்சிரைக்க, ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து. ஓடையிலிருந்து தப்ப மேல்பக்கம் ஓட வேண்டும். மேல்பக்கம் உள்ள ஒரே கான்கிரீட் கட்டிடம் இந்த ரிசார்ட்தான். அதே சமயத்தில் ரிசார்ட்டில் தங்கியிருந்த டூரிஸ்டுகள் "எலிபன்ட்! எலிபன்ட்!" என்று போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் வாசலில் மோதிக்கொண்டார்கள். கொழுந்து ஹால் முழுக்கக் கொட்டியது. வினோத் சார் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். அவர் மடியில் பாதிக் கூடை கொழுந்து இருந்தது.

"எந்தா இது?" என்றார் ஈனக்குரலில்.

கடைசியாக வந்தவள் என் அம்மா. என்னை மேசைமேல் பார்த்தாள்.

"ஏட்டி! இங்கனயா இருக்க? ஆனை எங்கட்டி?"

"ஓடையிலம்மா! நீதானம்மா கூப்பிட்ட!"

"நான் எங்க கூப்பிட்டேன்? நான் கேட்டுல்லா ஓடியாரேன்!"

"ராசாத்தி குரல்தான், நானும் கேட்டேன்" என்றாள் ஒருத்தி. "நானும் ராசாத்தி குரல்தான் கேட்டேன்" என்றார் பால்பாண்டி அண்ணன், சோபாவுக்குப் பின்னாலிருந்து.

"அப்ப யாருட்டி கூப்பிட்டது?" என்று அம்மா கேட்ட அதே நேரத்தில், கீழே விழுந்து கிடந்த கண்ட்ரோலரை யாரோ மிதித்தார்கள். கேம் மறுபடி அதே இடத்திலிருந்து ஆரம்பித்தது. கிளை முறிந்தது.

"ஓ...வ்! ஓ...வ்! ஓடை...ஏய்!"

பாதிப் பேர் பழக்க தோஷத்தில் திருப்பிக் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராக வாயை மூடிக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தார்கள். லேப்டாப்பிலிருந்து என்னைப் பார்த்தார்கள். நான் மேசையிலிருந்து இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மௌனத்தை எந்தக் கேமிலும் நான் வைத்ததில்லை.

பிறகு கேட்ட வசவுகளை எழுதினால் இந்தக் கட்டுரையை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். அதற்குள் சேதி போன் குரூப்பெல்லாம் பரவி, சூரியநெல்லி பஸ்ஸை வளைவிலேயே நிறுத்திவிட்டார்கள். ஃபாரஸ்ட் வாச்சர்கள் பட்டாசோடு வந்து ஓடையில் இல்லாத ஆனையை ஒரு மணி நேரம் தேடினார்கள். நான் ஒவ்வொருத்தர் கூடையாகக் கொழுந்தைப் பொறுக்கிப் போட்டேன். பாதி கசங்கிவிட்டது. பெண்களுக்கு அரைநாள் வேலை போனது. அது மட்டும் இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

வினோத் சார் என்னையும் கவிதாவையும் புல்தரைக்குக் கூப்பிட்டார். பெரிய மனுஷன்தான், கோபப்படவில்லை. "குட்டி, சவுண்டு அடிபொளி. பக்ஷே ஆனை காணணும். ஆனை காணாம யாரு காசு கொடுக்கும்? கவிதா செய்த ஆனையைப் போடு. அடுத்த மாசம் ரெண்டு பேரும் கொச்சி வந்து வேலைக்குச் சேரு" என்றார்.

வேலை. கையெட்டும் தூரத்தில். பத்தடி தள்ளி அம்மா கூடையைக் கட்டிக்கொண்டே காதைக் கொடுத்து நின்றாள். நான் வாயைத் திறக்குமுன் கவிதா பேசினாள். நாலு மாதம் அந்த ஆனையைச் செய்தவள்.

"ஏனுங்க சார், இப்ப நீங்களே பார்த்தீங்கல்ல? பார்க்கோணும்னு நெனச்சவங்க போனைத் தூக்கீட்டு வெளிய போனாங்க. காதுல கேட்டவங்க உசுரக் கையில புடிச்சுட்டு உள்ள ஓடியாந்தாங்க. என்ற ஆனையைப் போட்டா எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாங்க சார். ஒருத்தரும் ஓட மாட்டாங்க."

அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அழுதால் மரியாதை போய்விடும் என்று, "படம் கிடையாது சார்" என்று மட்டும் சொன்னேன். தலைமுடியில் கொழுந்து ஒட்டியிருக்க, முழங்கை சிராய்த்திருக்க, வீடு போகப்போகிறது என்று தெரிந்தே சொன்னேன். அவர் "ஆலோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லயத்துக்கு இறங்கும்போது பாதி வழியில் அம்மா ஆரம்பித்தாள்.

"அந்த ஆளு வேல தாரேன்னாரு. நீ வேணாம்னுட்ட."

"ஆமா."

"வீடு?"

"தெரியலம்மா."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். "சத்தியத்த மீறிட்ட. அதுக்கு ஒன்ன லேசுல விட மாட்டேன், பாத்துக்கோ" என்றாள். பிறகு குரலை இறக்கி, "ஏட்டி, அந்தக் கூப்பாடு, நெசமாவே நான் கூப்பிட்டதுதானா? எங்காலு தானா ஓடிருச்சுட்டி" என்றாள்.

"உன் குரலுக்கே நீ ஓடியிருக்கியேம்மா. கண்டுபிடிக்க முடியலையா?"

"கூப்பாடு கேட்டா ஓடணும். யாரு குரல்னு நின்னு யோசிக்கிறவளா இருந்தா இருபத்தாறு வருஷம் உசுரோட இருந்திருப்பனா?"

இதைவிட நல்ல விமரிசனம் என் கேமுக்கு இதுவரை யாரும் எழுதவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனோம். பால்பாண்டி அண்ணன் புகார் கொடுத்திருந்தார். "உன் மக பேரைப் பதியலாம்னு இருந்தோம். இனி யோசிக்கணும்" என்றார் ஆபீஸர். "யோசிக்க வேண்டாம் சார், நான் பதியறதா இல்ல" என்றேன். (கையில் வேலை இல்லாமல், தங்க இடம் இல்லாமல், இப்படிப் பேசினேன். இன்று நினைத்தால் எனக்கே என் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது. ஆனால் மறுபடி நின்றாலும் அதையேதான் சொல்வேன்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கும்பலாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அரைநாளைப் போக்கடித்த அந்தச் சனியன் என்னதான் என்று பார்க்க வேண்டுமாம். பட்டப்பகலில் ஒவ்வொருத்தியாகக் கம்பளிக்குள் உட்கார வைத்து, எலி கடித்த ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ட்ரோலரைத் தொட்டே பார்க்காதவர்கள் ஒருத்திகூட ஓடையில் விழவில்லை. வெளியே வந்ததும் திட்ட ஆரம்பித்தார்கள். காற்று தப்பான பக்கம் அடிக்கிறது. மழைக்குப் பிறகு தாள் இப்படிச் சரசரக்காது, சொதசொதவென்று இருக்கும். டீக்கடை நாய் இவ்வளவு யோக்கியமாகக் குரைக்காது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். மூன்று மாதம் திருத்தினேன். என் காலேஜ் மூன்று வருஷத்தில் சொல்லிக் கொடுக்காததை அந்தக் கம்பளிக்குள் கற்றுக்கொண்டேன்.

அன்றைக்குக் கவிதா எடுத்த விடியோ இருந்தது. கறுப்புத் திரை, கண்ணை மூடிக்கொண்டு "அடிபொளி" என்கிற மனுஷன், மேசையில் ஏறுகிற நான், பறந்து வருகிற பால்பாண்டி அண்ணன், பின்னால் நாற்பத்திரண்டு பெண்கள். அதை வெளியே விடலாமா என்று பெண்களிடம் கேட்டோம். பால்பாண்டி முதல் ஆளாக ஓடிவருவதை வெட்டாமல் போடுவதாக இருந்தால் சரி என்றார்கள். வினோத் சார் போனில் சிரித்துவிட்டுச் சரி என்றார். பால்பாண்டி அண்ணன்தான் மூன்று வாரம் இழுத்தடித்தார். அவர் பெண்டாட்டி பார்த்துச் சிரித்த பிறகு அவருக்கு வேறு வழி இல்லாமல் போனது. "இந்தக் கேமில் படம் கிடையாது. இவர்கள் ஏன் ஓடுகிறார்கள்?" என்று மட்டும் எழுதிப் போட்டோம்.

அது எங்கெங்கோ போனது. கோயமுத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறையில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி எங்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. படம் வேண்டும் என்று கேட்காத முதல் கம்பெனி. கேம் வெளிவந்த மறுவாரம், வண்டிப்பெரியாரிலிருந்து கண் தெரியாத ஒரு அக்கா போன் செய்து, "மூணாவது வளைவுல ஓடை எடது பக்கம் கேக்குது, அடுத்த அடியில வலது பக்கம் கேக்குது. ஓடை என்னத் தாண்டிப் போகுதா?" என்று கிழித்தார். கண் தெரிந்த அத்தனை பேரும் விட்டுவிட்ட தப்பு. கிராஃபிக்ஸ்தான் கேமின் எதிர்காலம் என்று யாராவது ஆரம்பித்தால் அவருடைய நம்பரைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மார்ச்சில் லயத்து வீட்டுச் சாவியை நானே ஆபீஸில் கொண்டுபோய் வைத்தேன். சூரியநெல்லி பஜாருக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. அம்மா இப்போது அங்கே இருக்கிறாள். காலையில் ஏழரைக்கு எழுந்து, "வேலைக்கு நேரமாச்சே" என்று பதறிவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறாள்.

ஒன்றை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. கூப்பாடு கெட்டுப்போனது. ஒருதடவை பொய்யாக வந்துவிட்டதால், அடுத்த தடவை கேட்டதும் பெண்கள் ஒரு நொடி நின்று, "ஆனையா, ராசாத்தி மகளா?" என்று யோசித்தார்கள். அந்த ஒரு நொடி போதும், உயிர் போக. அதனால் டிவிஷன் பெண்கள் கூடிப் பேசிக் கூப்பாட்டையே மாற்றினார்கள். இப்போது ஆனை வந்தால் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்: "ஓ...வ்! ஓ...வ்! ஓடை...ஏய்! முத்து இல்ல...ஏய்!"

முத்து நான்தான். முத்துச்செல்வி. நான் இல்லை, நிஜ ஆனைதான், ஓடுங்கள் என்று அர்த்தம். கேட்டவர்கள் அதையும் சேர்த்துத் திருப்பிக் கூப்பிட வேண்டும். மூன்று மலையும் நான் இல்லை என்று சாட்சி சொல்கிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவோடு பஜாரில் நிற்கும்போது, ஜார்கண்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி எதிரே வந்தாள். தமிழ் இப்போதுதான் படிகிறது. வந்து சேர்ந்த முதல் நாளே கூப்பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்களாம். அதில் வரும் முத்து என்றால் என்னவென்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மா பெருமையாக, "எம் மக. முத்து" என்றாள்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

"முத்து இருக்கு?" என்றாள் பயத்தோடு.

அம்மா சிரித்த சிரிப்பில் பஜாரே திரும்பிப் பார்த்தது. நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "இருக்கேன்."